அச்சாரம் யார் தரணும்

இந்தக் காலத்து ஜனங்கள் எதையும் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை. படுத்துக்கொண்டே போனில் படத்தைப் பார்க்கிறார்கள், கட்டை விரலால் ஒரு தேய்ப்பு, மறுநாள் வாசலில் பெட்டி. பிரித்தால் மேசைக்கு ஒரு கால் குட்டை. அப்புறம் "ஏமாத்திட்டான், ஏமாத்திட்டான்" என்று ஊரெல்லாம் ஒப்பாரி. ஏமாற்றினவனைவிடத் தட்டாமல் வாங்கின இவன்மேல்தான் கிழவருக்கு எரிச்சல். மரம் வாயில்லாத ஜீவன் என்று எவன் சொன்னான்? தட்டினால் உள்ளே பொள்ளலா, பூச்சி தின்றதா, எல்லாம் சொல்லிவிடும். காது கொடுக்கத்தான் ஆளில்லை.

கிழவர் பழைய மரச்சாமான் வாங்கி விற்கிறவர். சந்தையில் அவருக்குத் தட்டிப்பார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அரசாங்கக் காகிதத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கட்டில், பீரோ, நாற்காலி, எதுவானாலும் நடுவிரல் முட்டியால் டொக் டொக் என்று இரண்டு தட்டு, தலையைச் சாய்த்து ஒரு கேட்பு. மருமகள் வாங்கி வருகிற தர்பூசணியையும் தட்டுவார். ஒருமுறை இருமலுக்குப் போன இடத்தில் டாக்டர் இவர் முதுகைத் தட்டிப் பார்த்தார். படித்தவர்களிலும் தொழில் தெரிந்த ஒருத்தன் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார்.

அப்படிப்பட்டவரிடம் போய், "உங்க பேத்திக்குப் படிப்பு இலவசம், விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், புத்தகமும் இலவசம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

"எதுல ஓட்டை?" என்றார்.

சொன்னவர் பேத்தியின் கணக்கு டீச்சர். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கைப்பையோடு நேரே இங்கே வந்து, கூடத்தில் விலைபோகாமல் கிடந்த சோபாவில் உட்கார்ந்து, பேத்தியோடு சேர்ந்து விண்ணப்பம் எழுதுகிற புண்ணியவதி. மூன்று கல்லூரிகளுக்கு எழுதினார்கள். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்று பாதிக் கட்டணத்தை விட்டுக் கொடுக்கிறேன் என்றது. மீதிப் பாதிக்கு வீட்டில் இருப்பதையெல்லாம் விற்றாலும் காணாது. மூன்றாவதுதான் இது. ஊரிலிருக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் வரிசை கட்டி நின்றாலும் கைப்பிடி அளவுக்குத்தான் உள்ளே விடுகிற கல்லூரி. பேத்தி பரீட்சை எழுதினாள், தேறினாள். இனி நேரில் ஒரு பேச்சு மட்டும் பாக்கி. வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வந்து சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

"இந்த மார்க்குக்கு அவங்கதான் நம்மளத் தேடி வரணும் ஐயா" என்றார் டீச்சர்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். உங்களுக்கு இதுல என்ன கமிஷன் டீச்சரம்மா?"

பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். டீச்சர் மட்டும் சிரித்தார். "உங்க பேத்தி பெரிய ஆளானதும் ஒரு டீ வாங்கித் தரச் சொல்லுங்க."

"இப்பவே ஒரு டீ குடிச்சிட்டுக் கணக்க முடிச்சிக்குங்களேன்" என்று கிழவர் எழுந்துபோய் அவரே டீ போட்டு வந்தார். கடன் வைத்துக்கொள்ளப் பிடிக்காது.

பேத்தியின் அப்பா, அதாவது கிழவரின் மகன், அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டான். மருமகள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளை வெந்நீர் இயந்திரத்தில் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து, அவள் விரல் நுனிகள் எப்போதும் சுருங்கியே இருக்கும். கல்லூரிக்குப் போக அவளுக்கு லீவு கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆக, பெரியவர் என்று போக மிச்சமிருந்தது தட்டிப்பார்தான். முந்தின நாள் சாயங்காலம் மருமகள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"மாமா, உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். அங்க போய் எதையும் தட்டாதீங்க."

"தட்டாம எப்படித் தெரியும்?"

"தெரியவே வேணாம். கையெழுத்துப் போடுங்க. நன்றி சொல்லுங்க. வந்துருங்க. ரெண்டே வேலை."

"கையெழுத்துப் போடறேன்."

"நன்றி?"

கிழவர் சோற்றைப் பிசைந்தார். அவர் தொழிலில் நன்றி என்ற வார்த்தை கிடையாது. வாங்குகிறவன் நன்றி சொன்னால், அடடா, விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டோமே என்று விற்கிறவனுக்கு வயிறு எரியும். விற்கிறவன் சொன்னாலோ, நம் தலையில் கட்டிவிட்டான் என்று வாங்குகிறவனுக்குத் தூக்கம் போய்விடும். இரண்டு பக்கமும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிரிந்தால்தான் நியாயமான வியாபாரம்.

"தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாது மாமா" என்றாள் மருமகள்.

"அந்தப் பழமொழியச் சொன்னவன் யாருன்னு நினைக்கற? மாட்டக் குடுத்தானே, அவன்."

மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். பேத்தி இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் இருக்க நின்றுகொண்டே வந்தாள். கிழவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் தெரிந்த பெரிய பெரிய விளம்பரப் பலகைகளை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே வந்தார்.

கல்லூரி வாசலில் காவலாளி பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, "வாங்க பெரியவரே, நேரம் இருக்கு, விடுதியெல்லாம் சுத்திப் பாருங்க" என்றான். பார்க்கச் சொல்லுகிறானே! பார்க்க விடாதவனைவிடப் பார்க்கச் சொல்லுகிறவன்மேல் கிழவருக்கு இன்னும் சந்தேகம். மருமகள் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டது அந்த இடத்திலேயே காற்றில் போயிற்று. விடுதி அறைக்கதவைத் தட்டினார். கட்டிலைத் தட்டினார். குழாயைத் திறந்து தண்ணீர் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்தார். சாப்பாட்டுக் கூடத்தில் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். மேசைமேல் என்னதான் பளபளத்தாலும் வண்டவாளம் அடியில்தான் தெரியும்.

"தாத்தா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கட்டில் நல்ல கட்டில்தான். குழாய் சொட்டுது."

"எந்தக் குழாய்தான் சொட்டல? நம்ம வீட்டுக் குழாய் கொட்டுது."

சொட்டுகிற குழாய் ஒன்றைக் கண்டுபிடித்ததில் கிழவருக்குக் கொஞ்சம் நிம்மதி. குறையே தெரியாத சாமானைத்தான் நம்பக்கூடாது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நீளமான அறை, நீளமான மேசை. அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் உதவித்தொகைக்குப் பொறுப்பான அம்மா. நரைத்த தலை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பேராசிரியர், கைக்கு எட்டுகிற தூரத்தில் கோப்புகளை ஒழுங்காக அடுக்கி, அடுக்கினதைத் திரும்பத் திரும்ப நேர்செய்துகொண்டிருந்தார். அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி, அவர் அசையும்போதெல்லாம் கிறீச் என்றது. பின்னங்கால் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று கிழவர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"ஏம்மா கணிதம்?" என்று பேராசிரியர் பேத்தியைக் கேட்டார்.

பேத்தி கொஞ்சம் யோசித்தாள். "எங்க வீட்ல யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டோம் சார். மத்த பாடத்துல அப்படி இருந்தா திட்டறாங்க. கணக்குல மட்டும் நம்பாம, நிரூபிச்சுக் காட்டுன்னு கேட்டா மார்க் குடுக்கறாங்க."

அம்மா சிரித்துவிட்டார். பேராசிரியர்கூட அடுக்கை விட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தார். கிழவருக்கு இது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று பிடிபடவில்லை. பிறகு என்னென்னவோ கேட்டார்கள், அவள் பலகையில் எழுதிக் காட்டினாள். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுதினதை அவள் ஒரு தடவைகூட அழிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

கடைசியில் அம்மா இவர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க ஏதாவது கேக்கணுமா?"

கேட்காமல் இருந்தால் அவர் தட்டிப்பாரா?

"இது யாரோட காசு?"

"இங்க படிச்சுப் போனவங்க குடுத்து வச்சது."

"அவங்களுக்கு என்ன ஆதாயம்?"

"ஆதாயம் எதுவும் எதிர்பாக்கல."

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார். எதுவும் எதிர்பார்க்காதவனிடம்தான் இவர் வாழ்க்கையிலேயே பெரிய அடி வாங்கியிருக்கிறார். "பாதியில நிறுத்திடுவீங்களா?"

"மார்க் குறைஞ்சா முதல்ல கூப்பிட்டுப் பேசுவோம். தனியா சொல்லிக் குடுப்போம். அதுக்கு அப்புறமும் அடுத்த பருவத்துல தேறலன்னா நிறுத்த வேண்டி வரும்."

"ம். அது நியாயம்." குறையை மறைக்காமல் சொன்ன முதல் வார்த்தை. கிழவருக்கு அது பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால்தான் வினை வந்தது.

அவர் தொழிலில் ஒரு முறை உண்டு. பேச்சு எவ்வளவு முடிந்தாலும் அச்சாரம் கைமாறாமல் அது பேச்சே இல்லை. காலையில் சரி என்றவன் மத்தியானம் ஒரு காசு கூடுதலாகக் கொடுக்கிறவனுக்குச் சாமானை ஏற்றிவிடுவான், கேட்க நாதி கிடையாது. ஒரே ஒரு தாளானாலும் கைமாறிவிட்டதா, அப்புறம் வானமே இடிந்தாலும் அவன் பேச்சு மாறமாட்டான். இந்த அம்மாவின் பேச்சையும் கட்டிப் போட்டுவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நீவி, மேசைமேல் வைத்து, அம்மாவின் பக்கமாகத் தள்ளினார்.

"இத வச்சுக்குங்க."

அம்மாவின் நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை.

பேராசிரியர்தான் முதலில் அசைந்தார். பேத்தியின் கோப்பை எடுத்து மூடினார். "மேடம், விதி உங்களுக்கே தெரியும். தேர்வுக் குழுவுக்குப் பணம் நீட்டினா அந்த விண்ணப்பம் ரத்து."

"பணம் நீட்டறதா? நான் என்ன..." என்று ஆரம்பித்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. பேத்தியைப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வருஷக்கணக்காக அவள் படித்த படிப்பு, டீச்சரம்மா வந்து வந்து உட்கார்ந்த சாயங்காலங்கள், மருமகளின் சுருங்கின விரல்கள், எல்லாவற்றையும் ஒரு தாளால் மூடிவிட்டார். தவளை தன் வாயால் கெடும். இவர் தன் கையால் கெட்டார்.

"லஞ்சமில்லீங்க" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "அச்சாரம்."

"என்ன பேர் வச்சாலும் பணம் பணம்தான் ஐயா" என்றார் பேராசிரியர். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் பயமாக இருந்தது.

பேத்தி அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினாள். வீட்டுச் சாவியை அவர் தொலைத்துவிட்டு வந்து நின்றால் எப்படிக் கேட்பாளோ, அதே குரல்.

"தாத்தா, உங்க கடைல அச்சாரம் யார் குடுப்பா?"

"வாங்கறவன்."

"எதுக்குக் குடுப்பான்?"

"சாமான் வேற ஒருத்தன் கைக்குப் போயிடக் கூடாதுன்னு. பேச்சு நிக்கணும்னு."

"இங்க வாங்கறது யாரு?"

"நாமதான். படிப்ப வாங்கறோம்."

"காசு குடுத்தா?"

"இல்ல... அவங்கதான்..." கிழவர் நிறுத்தினார்.

"அவங்கதான் காசு குடுக்கறாங்க. நமக்குப் பாதி தர்றேன்னு இன்னொரு காலேஜும் கேட்டுச்சு. இவங்க முழுசும் தர்றேன்னு கேக்கறாங்க. அப்ப வாங்கறது யாரு தாத்தா? அச்சாரம் நீங்க ஏன் வைக்கறீங்க? தொழில் தெரிஞ்ச ஆளா நீங்க?"

அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டார். கிழவருக்கோ வேறு இடத்தில் சுருக்கென்று தைத்தது. நெற்றி சிவந்துவிட்டது.

"அப்ப உன்ன வாங்கறாங்களா? பேத்திய விக்க நான் இவ்வளவு தூரம் வரல. எந்திரி. போலாம்."

எழுந்தேவிட்டார். சந்தையில் இப்படி எழுந்து நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். இங்கே கூப்பிடாவிட்டால்? நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அரைகுறையாக நின்றார். பேத்தி எழுந்திருக்கவில்லை.

"ஐயா, உக்காருங்க" என்றார் அம்மா. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். "நான் கொஞ்சம் முன்னாடி ஆதாயம் இல்லன்னு சொன்னது பாதி உண்மை. குடுத்தவங்களுக்கு ஆதாயம் இல்ல. எங்களுக்கு இருக்கு. இந்த மாதிரிப் பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து படிக்கணும்னுதான் மத்தவங்க கட்டணம் கட்டி இங்க வர்றாங்க. இவங்க பேர் வாங்கினா காலேஜ் பேர் வாங்கும். உங்க பேத்திய நாங்க வாங்க முடியாது. அவ வேற எங்கயும் போயிடக் கூடாதுன்னு நினைக்கறோம். அவ்வளவுதான்."

கிழவர் மெதுவாக உட்கார்ந்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"மொதல்ல யாரும் இப்படிக் கேக்கல."

"சார்" என்று அம்மா பேராசிரியரிடம் திரும்பினார். "லஞ்சம் குடுக்கறவர் ரெண்டு பேர் பாக்க, நீவி விட்டு, மேசை நடுவுல வைப்பாரா? நீங்க பாத்திருக்கீங்களா?"

பேராசிரியர் மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தார். பிறகு பேத்தியைப் பார்த்தார். "விதி காரணத்தையும் கேக்கச் சொல்லுது" என்றார் கடைசியில். "கேட்டாச்சு. நிரூபணமும் ஆச்சு. ஐயா, மொதல்ல அத எடுத்து உள்ள வைங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கிழவர் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். பேராசிரியர் கோப்பைத் திறந்தார்.

"அப்ப அச்சாரம் நாங்கதான் தரணும்" என்றார் அம்மா. மேசையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்திருந்த கண்ணாடிக் குண்டு ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "எங்க பேச்சு நிக்கும்னு இது. அவ படிச்சு முடிச்சிட்டுப் போற அன்னிக்கு நீங்களே கொண்டுவந்து குடுத்துருங்க."

"மேடம், அது காலேஜ் சொத்து" என்றார் பேராசிரியர்.

"இரவல்னு எழுதிக்குங்க சார்."

கிழவர் வாங்கினார். இரண்டு கையாலும் வாங்கினார். பிறகுதான் அதைக் கவனித்து ஒரு கையை எடுத்துக்கொண்டார். வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். நகத்தால் தட்டினார்.

"அடி ஓரத்துல சில்லு பேந்து இருக்கு."

"இருக்கு" என்றார் அம்மா.

"தெரிஞ்சே குடுக்கறீங்க. சரி." சம்மதக் காகிதத்தை இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். யாரும் கூப்பிடாத பெயர் அன்றைக்கு ஒரு வேலைக்கு ஆயிற்று. எழுதி முடித்துப் பேனாவை வைத்தபோது, மருமகள் சொல்லி அனுப்பின இரண்டாவது வேலை நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தார். அறுபது வருஷமாகப் புழங்காத வார்த்தை, துருப்பிடித்த பூட்டு மாதிரி, அசைகிறது, திறக்கவில்லை.

"அம்மா, உங்க நாற்காலிக்குப் பின்னங்கால் இணைப்பு விட்டுப்போச்சு" என்றார். "ஒரு நா கவுத்துரும். நல்லதா ஒண்ணு என் கைக்கு வந்தா எடுத்து வச்சுச் சொல்லி அனுப்பறேன்."

அம்மா எழுந்து நின்றார். "கட்டாயம் சொல்லி அனுப்புங்க ஐயா. நான் ஆள் அனுப்பறேன்."

வெளியே வந்ததும் பேத்தி மரத்தடியில் நின்று தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். சலவை இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே மருமகள் பேசுவது கிழவர் காதிலும் விழுந்தது. கிடைத்துவிட்டது என்றதும் அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். பிறகு, "அந்த அம்மா நல்லா இருக்கணும். டீச்சரம்மா நல்லா இருக்கணும். காசு குடுத்து வச்சவங்க, முகந்தெரியாதவங்க, அவங்க புள்ள குட்டியெல்லாம் நல்லா இருக்கணும்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "மாமா நன்றி சொன்னாரா?"

பேத்தி போனைத் தாத்தாவிடம் நீட்டினாள்.

"நாற்காலி பாத்துத் தர்றேன்னு சொன்னேன்" என்றார் கிழவர்.

"சும்மாவா மாமா?"

"விலைக்குத்தான். சும்மா குடுத்தா சந்தேகப்படுவாங்க."

மருமகள் அழுகையோடு சிரித்தாள். பேத்தியும் சிரித்தாள். சட்டை கசங்கினாலும் பரவாயில்லை என்று அவர் தோளில் சாய்ந்தாள். கிழவர் பைக்குள் கையை விட்டுக் கண்ணாடிக் குண்டைத் தொட்டுப் பார்த்தார். அவர் உடம்புச் சூட்டுக்கு அது வெதுவெதுப்பாகியிருந்தது.

"டீச்சரம்மாவுக்குத் தேக்குல ஒரு எழுது மேசை இருக்கு, பின்கட்டுல" என்றார் திடீரென்று. "அத விக்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். விக்க வேணாம்."

"அதுவும் விலைக்கா தாத்தா?"

"அவங்க எங்கிட்ட கமிஷன் வாங்கல இல்ல" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் பேச்சு வளராதபடி நடந்தார்.

வாசலில் காவலாளி, "கெடச்சுதா பெரியவரே?" என்றான்.

"இப்போதைக்குக் கெடச்சிருக்கு. நாலு வருஷம் கழிச்சு வந்து கேளு, சொல்றேன்."

தாண்டிப் போனவர் நின்றார். வாசல் தூண் பக்கமாகத் திரும்பிவந்து, நடுவிரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்டார். கெட்டியாகத்தான் சத்தம் வந்தது.

"பூச்சு புதுசு" என்று முணுமுணுத்துவிட்டு, பேத்தி பின்னால் வருகிறாளா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.